இங்கன நல்ல வெயில்

என் கைபேசியில் ஒன்பது நொடி நீளமுள்ள ஒரு குரல் பதிவு இருக்கிறது. போன வருடம் சித்திரையில் ஒரு பிற்பகல், மூன்றரை மணிக்கு, என் மதினி அனுப்பியது. மதினி என்றால் என் அண்ணனின் மனைவி. "ஏத்தா, இங்கன நல்லா வெயில் அடிக்குது. மேகம் ஒண்ணையும் காணம். காத்தும் இல்ல." அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகையைப் பத்திரப்படுத்துகிறவர்கள் உண்டு, பிள்ளையின் முதல் பல்லைப் பத்திரப்படுத்துகிறவர்கள்கூட உண்டு. வானிலைச் செய்தியைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவள் தேனி மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பழைய கைபேசியை மாற்றியபோது கடையிலிருந்த பெண்ணிடம், போட்டோ எது போனாலும் பரவாயில்லை, இது போகக் கூடாது என்று மூன்று தடவை சொன்னேன். அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். இந்த ஒன்பது நொடிக்காகத்தான் நான் மதினியை ஊரறியத் திட்டினேன். திட்டிய பதினோராம் நாள் அவர் இறந்துபோனார்.

சின்னமனூரில் எனக்கு ஓர் உரக்கடை இருக்கிறது. விவசாயப் பட்டயம் படித்து, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து, கடை வைத்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும், கடைக்கு வருகிறவர்கள் மருந்துப் பாட்டிலைக் கையில் வாங்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார்கள்: "அடிக்கலாமாக்கா?" மருந்து அடித்த கையோடு மழை பெய்தால் மருந்தும் போச்சு, ஆள் கூலியும் போச்சு. திராட்சைக்காரர்கள் பாடு இன்னும் மோசம். வெட்டுக்கு நிற்கிற குலையில் கோடை மழை இறங்கினால் பழம் வெடித்துவிடும், வியாபாரி ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். வாழைக்காரர்களுக்கு மழையைவிட அதற்கு முன்னால் ஓடிவரும் சூறைக்காற்றுதான் பயம். பங்குனி, சித்திரையில் நாலு தூறல் விழுந்தால் பட்டணத்து ஆட்கள் மொட்டை மாடிக்குப் போய் நின்று படம் எடுக்கிறார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் அந்த நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பந்தலுக்குக் கீழே நிற்பார்கள்.

சென்னையிலிருந்து வரும் அறிக்கையில், மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும் என்று இருக்கும். அதை நான் கடை வாசலில் ஒரு கரும்பலகையில் எழுதிப் போட ஆரம்பித்தேன். இரண்டாம் நாளே ஒரு பெரியவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு உள்ளே வந்தார். "ஏத்தா, அந்த ஓரிரு எடத்துல நம்ம எடம் இருக்கா?" என்று கேட்டார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, நியாயமான கேள்வி. அறிக்கை எழுதுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. கோடை மழை அப்படிப்பட்டது. உத்தமபாளையத்திலிருந்து வரும் பஸ் தலை நனைந்து வந்து நிற்கும், இங்கே பஸ் நிலையத்தில் புழுதி பறக்கும். ஒரே தெருவில் கிழக்குப் பக்கத்து வீட்டில் துணியை எடுப்பார்கள், மேற்குப் பக்கத்து வீட்டில் வற்றலைக் காயப்போடுவார்கள். இதைச் சென்னையில் உட்கார்ந்து யாரால் சொல்ல முடியும்?

நான் ஆள் சேர்த்தேன். கெங்குவார்பட்டியில் ஒரு மாந்தோப்புக்காரர், வைகை அணையில் ஒரு டீக்கடைக்காரர், குச்சனூரில் கோயிலுக்கு எதிரே பூக்கடை வைத்திருக்கும் அம்மாள், கூடலூரில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுநர், ஓடைப்பட்டியில் என் மதினி. இப்படிப் பத்துப் பன்னிரண்டு பேர். தினமும் மூன்றரை மணிக்கு அவரவர் தலைக்கு மேல் இருக்கிற வானத்தைப் பார்த்து எனக்குக் குரல் பதிவு அனுப்ப வேண்டும். நான் எல்லாவற்றையும் சேர்த்து நாலு மணிக்கு கடைக்கு வரும் விவசாயிகளுக்காக நான் தொடங்கிய வாட்ஸப் குழுவில் இரண்டு நிமிடம் பேசுவேன். ஆரம்பத்திலேயே ஒரு விதியும் போட்டேன். "ரெண்டு நாள் தகவல் வரலைன்னா குரூப்புல இருந்து தூக்கிருவேன், அப்பறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது." சொன்னதோடு நிற்கவில்லை, அணைக்கட்டு டீக்கடைக்காரரை ஒருமுறை தூக்கியும் காட்டினேன். அவர் தன் மச்சினனைக் கடைக்கே தூது அனுப்பி மறுபடி உள்ளே வந்தார். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். அதைப் பெருமையாகவே நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

வந்த பதிவுகளில் ஒரே ஒரு தொல்லை. எங்கள் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் செய்கிற தவறு. "இங்கன நல்ல மழை", "இங்கன சும்மா ரெண்டு தூத்தல்", "இங்கன காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது" என்று சொல்வார்களே தவிர, இங்கன என்றால் எந்த ஊர் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். தான் நிற்கும் இடத்தை எதிராளியும் பார்த்துக்கொண்டிருப்பதாகவே அவர்களுக்கு நினைப்பு. நான் ஒவ்வொருவரிடமும் "இங்கனன்னா எங்கன? ஊரச் சொல்லுங்க, ஊரச் சொல்லுங்க" என்று கத்திக் கத்தி ஓய்ந்தேன். அதிலும் ஜீப் ஓட்டுநர் ஒருநாள் கூடலூரில் இருப்பார், மறுநாள் குமுளியில் இருப்பார், இரண்டுமே அவருக்கு இங்கனதான். நாளடைவில் எனக்கே காது பழகிவிட்டது. மாந்தோப்புக்காரர் ஒரு கனைப்போடு ஆரம்பிப்பார். பூக்கடை அம்மாளின் பின்னால் கோயில் மணி கேட்கும். மதினியின் பின்னால் கின்னிக்கோழிகள் கத்தும். பாம்பு அண்டாது என்று மதினி ஏழெட்டுக் கின்னிக்கோழி வளர்த்தார். துருப்பிடித்த கிணற்று உருளையை யாரோ விடாமல் இழுப்பது போல அவை கத்தும். அதனால் எல்லோரிடமும் கேட்ட அந்தக் கேள்வியை மதினியிடம் மட்டும் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மதினி ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். எனக்குப் பத்து வயது மூத்தவர். மேகமலை அடிவாரத்தில் அண்ணனுக்கு இருந்த கொஞ்சம் திராட்சையும் கத்தரியும் அவர் கையில்தான் ஓடின. மழை அளக்க நான் மேலும் கீழும் ஒரே அகலமுள்ள ஒரு பாட்டிலில் அளவுகோல் ஒட்டிக் கொடுத்திருந்தேன். அதை அவர் கல்லின் மேல் பத்திரமாக வைத்திருந்தார். ஆனால் அளவுகோலைப் பார்க்கமாட்டார். பாட்டிலோடு விரலை ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணரை வெரக்கடை மழத்தா" என்பார். விரற்கடையை நான்தான் மில்லிமீட்டராக மாற்றிக்கொள்ள வேண்டும். "மில்லிமீட்டர்ல சொல்லுங்க மதினி" என்று ஒருமுறை கடிந்துகொண்டபோது, "மில்லிமீட்டர்ல நனைஞ்சவக யாரு இருக்காக, போத்தா" என்றார். அதே மதினி மூன்றரை மணியை எப்படி மதித்தார் என்பதை அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூன்றேகாலுக்கே முகம் கழுவி, பவுடர் பூசி, தலையைக் கோதி, சேலையைச் சரிசெய்துகொண்டு களத்துக்குப் போய் நிற்பாராம். நாலு திசையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாராம். "வெறும் கொரலுதான போகுது, அதுக்கு எதுக்குடி பவுடரு?" என்று அண்ணன் கேட்டதற்கு, "கேக்குறவக பெரிய பெரிய சம்சாரிக" என்றாராம். சம்சாரி என்றால் எங்கள் பக்கம் விவசாயி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். ஒருநாள் மதினியிடமிருந்து பதிவு வரவில்லை. கூப்பிட்டால், வயிற்றுப்போக்கு, படுத்திருக்கிறேன் என்றார். நாலு மணிக்கு நான் குழுவில் வழக்கம்போலப் பேசினேன். கூடலூர் நிலவரம், குச்சனூர் நிலவரம் எல்லாம் சொல்லிவிட்டு, "ஓடைப்பட்டி நெலவரம் இன்னைக்கு இல்ல, எங்க மதினிக்கு வயித்தால போகுது" என்று முடித்தேன். விதி என்று ஒன்று இருக்கிறதே, காரணம் சொல்லாமல் விட்டால் மற்றவர்கள் கேட்பார்களே என்ற எண்ணம்தான், சத்தியமாக வேறொன்றும் இல்லை. அன்று சாயங்காலத்துக்குள் குழுவில் கசாயத்துக்கும் மோருக்கும் மாதுளந்தோலுக்கும் செய்முறை குவிந்துவிட்டது. கெங்குவார்பட்டி மாந்தோப்புக்காரர் கனைத்துக்கொண்டு, "தாயி, இப்பத் தேவலையா?" என்று மூன்று நாள் விடாமல் கேட்டார். அடுத்த வாரம் மதினி கடைக்கு வந்தபோது முகம் சிவந்திருந்தது. "கம்பம் பள்ளத்தாக்கே என் வயித்த விசாரிக்குது. ஒங்கிட்ட ஒண்ணச் சொன்னா அது குரூப்புல போட்ட மாதிரித்தான" என்றார். பிறகு அவரே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அந்தப் பேச்சை அவர் சிரித்துக் கரைத்துவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வருடம் பங்குனி பிறந்து சில நாட்களில் அவருடைய பதிவுகள் கொஞ்சம் மாறின. மூன்றரைக்கு வரவேண்டியது மூன்றே முக்காலுக்கு வரும். குரல் தணிந்திருக்கும். "மேகமலைப் பக்கம் கறுத்திருக்கு, தெக்க வெளிச்சம்" என்று சுருக்கமாக முடித்துவிடுவார். தகவல் என்னவோ சரியாகவே இருந்தது. அவர் கறுத்திருக்கிறது என்றால் சாயங்காலம் ஓடைப்பட்டியில் இடி இடித்தது. பின்னால் கின்னிக்கோழிச் சத்தம் மட்டும் இல்லை. அதைக் கவனித்தேன். கவனித்தேன் என்பதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. விற்றுவிட்டார் போல, காதுக்கு நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன். "ஏன் மதினி கடைப்பக்கமே காணம்?" என்று ஒருமுறை கேட்டேன். "வெயிலு கொறையட்டும்த்தா, வாரேன்" என்றார். சீசன் நேரம், கடையில் நிற்க இடமில்லை. ஓடைப்பட்டி ஒன்றும் சீமையில் இல்லை. ஸ்கூட்டரை எடுத்தால் போய்விடலாம். நான் போகவில்லை.

அந்தச் சித்திரை நாளில் காலையிலிருந்தே புழுக்கம். மூன்றரைக்குத் தகவல்கள் வரத் தொடங்கின. மலையில் உருமுகிறது என்றார் ஜீப் ஓட்டுநர். காற்று நின்றுவிட்டது, மாலை கட்டும் கை வேர்க்கிறது என்றார் பூக்கடை அம்மாள். ஓடைப்பட்டியில் தெற்குத் தோட்டத்துக்காரர் என்று நாங்கள் சொல்லும் ஒரு திராட்சை விவசாயி என்னைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார். பழம் முற்றி நிற்கிறது, வியாபாரி இன்று சாயங்காலமே லாரி அனுப்புவதாகச் சொல்கிறார், ஒருநாள் பொறுத்தால் இன்னும் கொஞ்சம் இனிப்பு ஏறும், வெட்டவா, பொறுக்கவா? அவர் அன்று ஒரு வேலையாகத் தேனியில் இருந்தார். தன் தோட்டத்து வானம் அவருக்கே தெரியாது. நான் மதினியின் பதிவுக்காகக் காத்திருந்தேன். வந்தது. ஏத்தா, இங்கன நல்லா வெயில் அடிக்குது. மேகம் ஒண்ணையும் காணம். காத்தும் இல்ல. நான் அவரிடம், "ஓடைப்பட்டிப் பக்கம் மானம் தெளிவா இருக்குங்கண்ணே, நாளைக்கே வெட்டுங்க" என்றேன். குழுவிலும் அதையே சொன்னேன்.

ஐந்து மணிக்கு முன்னால் ஓடைப்பட்டியில் ஆலங்கட்டி மழை அடித்தது. அரை மணி நேரம்கூட இல்லை. படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. உள்ளங்கையில் நெல்லிக்காய் அளவு பனிக்கட்டி, கிழிந்த இலை, தோல் பிளந்து சாறு ஒழுகும் குலைகள். தெற்குத் தோட்டத்துக்காரர் என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்துக் காதைத் தயாராக வைத்திருந்தேன். "போச்சுத்தா" என்றார். அவ்வளவுதான், வைத்துவிட்டார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். அவர் திட்டாததால் எனக்கு யாரையாவது திட்டவேண்டியிருந்தது. குழுவைத் திறந்து, பதிவுப் பொத்தானை அழுத்திப் பேசினேன். "மதினி, கண்ணத் தொறந்து மானத்தப் பாத்துச் சொல்லுங்க. வீட்டுக்குள்ள படுத்துக்கிட்டு வாய்க்கு வந்ததச் சொல்லாதீக. நீங்க சொன்ன ஒரு வார்த்தைக்கு இங்கன ஒரு மனுசனோட வருசம் போச்சு." முந்நூறு பேருக்கு மேல் இருந்த குழு அது. கொஞ்ச நேரம் கழித்து மதினியிடமிருந்து பதில் வந்தது. "தப்புதான்த்தா. பாத்துச் சொல்லிருக்கணும்."

மறுநாள் அவரிடமிருந்து பதிவு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கோபித்துக்கொண்டார், நாலு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலை அவரைக் குழுவிலிருந்து எடுத்தேன். சொந்த மதினி என்று விட்டுவைத்தால் விதிக்கு என்ன மரியாதை என்று ஒரு வீம்பு. எடுத்ததைக் குழுவில் எல்லோரும் பார்க்கட்டும் என்றுகூட இருந்தது.

பதினோராம் நாள் காலையில் அண்ணன் கூப்பிட்டார். அண்ணன் பேசுவது அபூர்வம். பேசினாலும் பாதி வாக்கியத்தை நாம்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். "மதுரை ஆஸ்பத்திரியில இருக்கேன். ஒன் மதினி போயிட்டா" என்றார். எந்த மதினி என்று கேட்டேன். எனக்கு இருந்தது ஒரு மதினிதான். ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே நான் ஓடைப்பட்டி போய்ச் சேர்ந்தேன். தோட்டத்துப் படலைத் தள்ளிக்கொண்டு நுழைந்ததும் கின்னிக்கோழிகள் அத்தனையும் ஒன்றாகக் கத்தின. ஒன்றுகூட விற்கப்படவில்லை. அவை களத்தில் சுற்றிக்கொண்டு, நான் யாரென்று கேட்பதுபோல விடாமல் கத்தின. கோழி இங்கே இருந்திருக்கிறது, அப்படியானால் ஒன்றரை மாதமாக மதினி எங்கே இருந்தார் என்று அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

விஷயத்தைச் சொன்னவர் அடுத்த தோட்டத்து அம்மாள். ஆம்புலன்ஸில் வந்து இறங்கிய மதினியின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவர், நான் பக்கத்தில் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தெனம் மூணேகாலுக்கு போன் வரும்த்தா. அக்கா, களத்துக்கு வந்து நின்னு மானத்தப் பாருங்கம்பா. மேகமலைப் பக்கம் எப்பிடி, தெக்க எப்பிடி, தும்பி தாழப் பறக்குதா, காத்து எங்கிட்டிருந்து வருதுன்னு ஒண்ணொண்ணாக் கேப்பா. பாட்டில்ல எத்தன வெரல்னு கேப்பா. நான் சொல்லச் சொல்ல அவ ஒங்களுக்குச் சொல்லுவா." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார். "அன்னைக்குன்னு பாத்து நான் குச்சனூருக்குக் காதுகுத்துக்குப் போயிட்டேன். போன வீட்டுல வச்சிட்டுப் போயிட்டேன். வந்து பாத்தா அஞ்சு தடவ கூப்புட்டிருக்கா." தன்னால்தான் எல்லாம் என்று அவர் அழுதார். நான் அவரைத் தேற்றவில்லை. தேற்றவேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. அதற்காக அப்புறம் ஒருநாள் போய் மன்னிப்புக் கேட்டேன்.

மீதியை அண்ணன் காரியமெல்லாம் முடிந்த பிறகு சொன்னார். கர்ப்பப்பையில் கட்டி. பங்குனியிலேயே மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார், பார்த்தபோதே காலம் கடந்துவிட்டதாம். "ஏண்ணே எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "சொல்லக் கூடாதுன்னுட்டா. ஒங்க தங்கச்சிகிட்டச் சொன்னா குரூப்புல போட்ருவா, கெங்குவார்பட்டிக்காரவுக வரைக்கும் என் வயித்த விசாரிப்பாகன்னா. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா." அண்ணனே தொடர்ந்தார். "படுத்துக்கிட்டு எதுக்குடி ஒனக்கு இந்த மழைச் சேதின்னு கேட்டேன். ரெண்டு நாள் சொல்லலைன்னா தூக்கிருவான்னா." பிறகு அந்த நாளைப் பற்றிச் சொன்னார். ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் அது. மருந்து மயக்கத்தில் கண்ணை மூடுவதும் திறப்பதுமாகக் கிடந்தவர், மூன்றேகாலுக்கு யாரும் எழுப்பாமலே விழித்திருக்கிறார். அடுத்த தோட்டத்துக்குப் போன் போட்டிருக்கிறார். எடுக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். முகத்தை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லியிருக்கிறார். "தலையத் தூக்கி நல்லாத்தான் பாத்தா. தான் எங்கன கெடக்கோம்னு அப்ப அவளுக்குத் தெரிஞ்சுச்சா தெரியலையான்னு எனக்குத் தெரியல. பாத்ததத்தான் சொன்னா" என்றார் அண்ணன்.

அன்றைக்கு மதுரையில் நல்ல வெயில். அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மேகம் ஒன்றும் இல்லை, காற்றும் இல்லை. ஒன்றரை மாதமாக அவர் தன் கண்ணால் பார்க்காத வானத்தை, இன்னொருவர் கண்ணால் பார்த்துச் சரியாகச் சொல்லிவந்தார். அந்த ஒருநாள்தான் தன் கண்ணால் பார்த்துச் சொன்னார். அந்த ஒருநாளுக்குத்தான் நான், கண்ணைத் திறந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று திட்டினேன். வீட்டுக்குள் படுத்துக்கொண்டு என்றுகூடச் சொன்னேன். அந்தச் சொல் அந்தக் கட்டிலில் அவர் காதில் எப்படி விழுந்திருக்கும்?

நான் எடுத்திருந்த மதினியின் நம்பரைக் குழுவில் மறுபடி சேர்த்தேன். இறந்தவரைச் சேர்த்தது குழுவில் யாருக்கும் விநோதமாகப் படவில்லை, அண்ணன் அந்தப் போனை வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். மெய்யாகவே சில வாரங்களில் அண்ணன் அதிலிருந்து தகவல் அனுப்பத் தொடங்கினார். ஆனால் மதினியின் பெயரை என்னால் சுத்தம் செய்ய முடியவில்லை. குழுவில் அன்றைய ஆலங்கட்டி மழையை யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு யார் தப்பான தகவல் சொன்னாலும், "இது என்ன, ஓடைப்பட்டி வெயிலா?" என்று யாராவது கேலி பேசுவார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, செத்தவரைப் பழிக்கிறோம் என்ற நினைப்புக்கூட இல்லாமல் வாய்ப்பழக்கத்தில் சொல்வது. ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொன்னால் அந்தக் கேலி அன்றோடு நிற்கும். ஆனால் உண்மையைச் சொல்வதென்றால் ஆஸ்பத்திரியைச் சொல்லவேண்டும், கட்டியைச் சொல்லவேண்டும். எதைக் குழுவில் போட்டுவிடுவேன் என்று பயந்து என்னிடம் மறைத்தாரோ அதையே குழுவில் போட்டுத்தான் அவர் பெயரை மீட்கவேண்டும். பேசத் தெரிந்த நாள் முதல் வாயை மூடாத எனக்கு, ஒரு வருடம் வாய் திறக்க வழியில்லாமல் போயிற்று.

இதை எழுதட்டுமா என்று அண்ணனிடம் கேட்டேன். "எழுதிக்க. பேரு ஊரறிய வேணாம். குரூப்புல மட்டும் போடாத" என்றார். எங்கள் குழுவில் புத்தகம் படிக்கிறவர்கள் யாரும் இல்லை என்ற தைரியம் அவருக்கு. எனக்கும் அதே தைரியம்தான்.

இந்த வருடமும் சித்திரை பிறந்துவிட்டது. மறுபடியும் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை. கரும்பலகையில் எழுதினேன். போன வருடம் ஆலங்கட்டி விழுந்த அதே நாளில், நாலு மணிக்குக் குழுவில் வழக்கமான நிலவரம் சொல்லி முடித்தேன். பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. "இன்னொண்ணு. போன வருசம் இதே நாளு எங்க மதினி, இங்கன நல்லா வெயில் அடிக்குதுன்னு சொன்னாக. அவுக சொன்னது சரி. அவுக பாத்துத்தான் சொன்னாக. நான்தான் தப்பாச் சொன்னேன். அவுகளத் திட்டுனதும் தப்பு, தூக்குனதும் தப்பு. இனிமே ஓடைப்பட்டி வெயிலுன்னு யாரும் சொல்லாதீக" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாமல் விரலை எடுத்தேன். அவ்வளவு குறைவாக நான் பேசி ஒருவரும் கேட்டதில்லை.

குழுவில் யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது. அன்று ஓடைப்பட்டியில் விழுந்த பனிக்கட்டியைக் கையில் வைத்துப் படம் எடுத்தவர்களே அதில் இருக்கிறார்கள். தெற்குத் தோட்டத்துக்காரர் மட்டும் ஒரு கும்பிடு போட்டார். ஏதோ புரிந்து போட்டாரா, பழக்கத்தில் போட்டாரா, தெரியவில்லை. சற்று நேரத்தில் கனைப்புச் சத்தத்தோடு ஒரு பதிவு வந்தது. கெங்குவார்பட்டி மாந்தோப்புக்காரர். "ஏத்தா, வெயில் அடிச்சுச்சுங்கற, சரி. இங்கனன்னா எங்கனத்தா?" என்று கேட்டார். அது நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்த கேள்விதான். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை.

கடையில் அப்போது ஆள் இல்லை. மேகமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. ஓடைப்பட்டியிலிருந்து மதினியின் நம்பரில் அண்ணன் ஏற்கனவே தகவல் சொல்லியிருந்தார், பின்னால் கின்னிக்கோழிகள் கத்தின. நான் அந்த ஒன்பது நொடிப் பதிவைத் திறந்து காதோடு வைத்துக்கொண்டேன். ஏத்தா, இங்கன நல்லா வெயில் அடிக்குது. அதில் கோழிச் சத்தம் இல்லை. கவனித்துக் கேட்டால் தூரத்தில் தள்ளுவண்டிச் சக்கரம் ஒன்று உருள்கிறது, ஒரு பெண் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். மேகம் ஒண்ணையும் காணம். காத்தும் இல்ல. கடைசி நொடியில் அவர் மூச்சு விடுவது கேட்கிறது. மதினி என்னிடம் மறைத்தாரே தவிர ஒருநாளும் பொய் சொன்னதில்லை. இங்கனன்னா எங்கன மதினி என்று நான் ஒரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.